தாமான் கயிறும் ஐந்து நிமிடமும்

2015 ஏப்ரல் 25ஆம் தேதி நேபாளத்தில் நிலம் நடுங்கியது. மறுநாள் உலகப் பத்திரிகைகளில் வேறு செய்திக்கு இடமே இல்லாமல் போயிற்று. அதே சனிக்கிழமை பிற்பகல், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மொபைல் வளைகுடாவுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட பாய்ப்படகுகள் பந்தயம் ஓடிக்கொண்டிருந்தன. டாஃபின் தீவுப் போட்டி அந்தப் பகுதியில் ஆண்டுதோறும் நடப்பது. காலையில் போட்டி ரத்து என்று தவறான அறிவிப்பு ஒன்று வெளியாகி, அந்தக் குழப்பத்தில் புறப்பாடு ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போயிருந்தது. பிற்பகல் மூன்று மணிவாக்கில் மேற்கே இருந்து வந்த இடிமழைக் கோடு ஒன்று வளைகுடாவைக் கடந்தது. காற்று மணிக்கு 110 கிலோமீட்டரைத் தாண்டியது. மொபைல் வளைகுடா ஆழமில்லாதது, சராசரியாக மூன்று மீட்டர்தான். அப்படிப்பட்ட நீரில் அலை நீண்டு புரளாது, குட்டையாகச் செங்குத்தாக எழும்பி அடிக்கும். படகுகள் கவிழ்ந்தன, சில மூழ்கின. ஆறு பேர் இறந்தார்கள்.

முன்னறிவிப்பு இல்லாமல் வந்த காற்று அல்ல அது. இடிமழை வரும் என்று வானிலை மையம் சொல்லியிருந்தது. சில படகுகள் அதற்குள் பந்தய எல்லையைத் தொட்டும் விட்டன. மேகம் வருவது தெரியாமல் இருந்திருக்காது. அது எத்தனை நிமிடத்தில் தலைக்கு மேல் வந்து நிற்கும், அதற்குள் படகில் என்னென்ன வேலை முடிந்திருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. சிறு படகைக் கவிழ்க்கும் காற்றைப் பற்றி எழுதப்பட்ட விசாரணை அறிக்கைகளை வரிசையாகப் படித்தால், காற்றின் வேகத்தைவிட இந்த நிமிடக் கணக்கே திரும்பத் திரும்ப முன்னால் வந்து நிற்கிறது.

தமிழ்நாட்டுக் கடற்கரையில் இருப்பவர்களுக்குச் 'சூறைக்காற்று வீசக்கூடும், மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்' என்ற அறிவிப்பு பழகியது. அது பெரும்பாலும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரப்புக்கு, ஒரு நாளுக்கோ இரண்டு நாளுக்கோ சொல்லப்படுவது. இந்த அத்தியாயத்தின் காற்று வேறு. ஒரே ஒரு இடிமேகத்தின் அடியிலிருந்து புறப்பட்டு, சில கிலோமீட்டர் ஓடி, பத்து இருபது நிமிடத்தில் ஓய்ந்துவிடும். இந்த நிமிடத்தில், இந்த இடத்தில் என்று எந்த அறிவிப்பும் அதைச் சுட்டிக்காட்ட முடியாது.

இந்தக் காற்று எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டுபிடித்தவர் கடலோடி அல்ல. டெட்சுயா ஃபுஜிதா ஜப்பானின் கியூஷூ தீவில் 1920இல் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரின் முடிவில் கொகுரா நகருக்கு அருகே ஒரு கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். இரண்டாவது அணுகுண்டுக்குக் குறிக்கப்பட்டிருந்த ஊர் கொகுராதான். 1945 ஆகஸ்ட் 9 அன்று நகரம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாததால் விமானம் நாகசாகிக்குத் திரும்பியது. சில வாரங்கள் கழித்து ஃபுஜிதா நாகசாகிக்கும் ஹிரோஷிமாவுக்கும் போய் அழிவின் தடங்களை அளந்தார். குண்டு வெடித்த புள்ளிக்கு நேர் கீழே இருந்த மரங்கள் கருகி நின்றபடி இருந்தன. சுற்றிலும் இருந்தவை அந்தப் புள்ளியிலிருந்து வெளிநோக்கிச் சாய்ந்திருந்தன. மேலிருந்து வந்த அடி தரையில் மோதி எல்லாப் பக்கமும் சிதறினால் எப்படிப்பட்ட தடம் விழும் என்பது அவர் மனத்தில் பதிந்துவிட்டது.

முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அது கைகொடுத்தது. ஃபுஜிதா அப்போது சிகாகோ பல்கலைக்கழகத்தில் சூறாவளிச் சேதங்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். 1974 ஏப்ரலில் அமெரிக்காவைச் சூறையாடிய சுழற்காற்றுகளின் பாதையை வானிலிருந்து பார்வையிட்டபோது, சில காடுகளில் மரங்கள் சுழன்று விழாமல் ஒரு மையத்திலிருந்து நட்சத்திரம் போல வெளிநோக்கி விழுந்திருந்ததைக் கண்டார். அடுத்த ஆண்டு ஜூன் 24ஆம் தேதி நியூயார்க் கென்னடி விமான நிலையத்தில் தரையிறங்க வந்த ஈஸ்டர்ன் 66 விமானம் இடிமழைக்கு நடுவே விழுந்து 113 பேர் இறந்தார்கள். அந்த விபத்தை ஆராய்ந்த ஃபுஜிதா, மேகத்திலிருந்து செங்குத்தாக இறங்கும் காற்றே விமானத்தைக் கீழே தள்ளியது என்றார். மேகத்தின் கீழ்க்காற்று தரைக்கு வருமுன் வலுவிழந்துவிடும் என்று நம்பியிருந்த வானிலையாளர்கள் பலர் அதை ஏற்கவில்லை. 1978இல் சிகாகோ பகுதியில் டாப்ளர் ராடார்களை நிறுத்தி வைத்துப் பார்த்தபோது அந்தக் காற்று ஒன்றல்ல, பல முறை அகப்பட்டது. நான்கு கிலோமீட்டருக்குள் அடங்குவதை அவர் மைக்ரோபர்ஸ்ட் என்றார், அதைவிடப் பரந்ததை மேக்ரோபர்ஸ்ட் என்றார். விமான நிலையங்களுக்கு அதன் பலனாக எச்சரிக்கை ராடார்கள் வந்தன. படகுக்காரர்களுக்கு எதுவும் வரவில்லை.

உள்ளே நடப்பது இதுதான். இடிமேகம் முற்றும்போது மழைத்துளிகள் விழத் தொடங்கும். விழும் துளி தன்னைச் சுற்றியுள்ள காற்றையும் கீழே இழுக்கும். மேகத்துக்கு அடியில் காற்று உலர்ந்திருந்தால் துளியில் ஒரு பகுதி ஆவியாகும். ஆவியாவதற்கு வேண்டிய வெப்பம் அந்தக் காற்றிலிருந்தே எடுக்கப்படுவதால் அது குளிர்ந்து, கனத்து, இன்னும் வேகமாக இறங்கும். கடல்மட்டத்தை அடைந்ததும் கீழே போக வழியில்லை. ஒரு வாளித் தண்ணீரைச் சிமெண்டுத் தரையில் கவிழ்த்தால் அது எப்படிப் பரவி ஓடுமோ அப்படி நாலாபக்கமும் பரவும். மேகம் தானும் நகர்ந்துகொண்டிருந்தால் அது போகும் திசையில் பரவும் காற்று மேகத்தின் வேகத்தையும் சேர்த்துக்கொள்ளும்.

இதில் சிறு படகுக்காரரை ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. பரவும் குளிர்காற்றின் முன்விளிம்பு மழைக்கு முன்னால் பல கிலோமீட்டர் ஓடிவந்துவிடும். மழைத்திரை இன்னும் தூரத்தில்தான் இருக்கிறது என்று பாயை விரித்தபடியே போகிறவரின் மேல் வெயிலில் வைத்தே அடி விழும். இடிச்சத்தம் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவுக்குக் கேட்கும். மேகம் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் அந்தத் தூரத்தைக் கடக்கப் பதினெட்டு நிமிடம் ஆகும். காற்றின் விளிம்பு மேகத்தைவிடப் பத்து கிலோமீட்டர் முந்தியிருந்தால் கையில் இருப்பது ஐந்தாறு நிமிடம். முதல் இடியைக் கேட்டு, நிமிர்ந்து பார்த்து, 'போகட்டும், வடக்கே ஒதுங்கிவிடும்' என்று இரண்டு நிமிடம் யோசித்துவிட்டால் மிச்சம் மூன்று.

மழையே தரைக்கு வராத மேகமும் உண்டு. துளிகள் நடுவழியில் ஆவியாகி, மேகத்தடியில் கிழிந்த முந்தானை மாதிரி ஒரு சாம்பல் கீற்று மட்டும் தொங்கும். காற்று மட்டும் இறங்கிவிடும். கறுத்த வானமோ மழையோ இல்லாமல், தண்ணீரில் வெள்ளைக் கோடு ஒன்று ஓடிவருவது மட்டுமே தெரியும். ஆங்கிலேய மாலுமிகள் இதைத்தான் வெண்சூறை என்று அஞ்சினார்கள்.

காற்றின் வேகத்தைக் கேட்டு அதன் வலிமையைக் கணிப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். வேகம் மூன்று மடங்கானால் அழுத்தம் மூன்று மடங்கு அல்ல, ஒன்பது மடங்கு. லேசர் என்ற ஒற்றையாள் பாய்ப்படகை எடுத்துக்கொள்ளலாம். நாலேகால் மீட்டர் நீளம், உடல் மட்டும் 59 கிலோ, பாய் ஏழு சதுர மீட்டர். சென்னையின் நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓட்டியது இதே உடலில் சற்றே சிறிய பாய் கட்டிய வகை. மணிக்கு 20 கிலோமீட்டர் காற்றில் அந்த ஏழு சதுர மீட்டர் மீது விழும் தள்ளுதல் தோராயமாக 13 கிலோ எடைக்குச் சமம். இனிமையான ஓட்டம். காற்று 60 கிலோமீட்டருக்குப் போனால் அது 120 கிலோவுக்குச் சமம். 100 கிலோமீட்டரில் 300 கிலோவைத் தாண்டிவிடும். இந்தத் தள்ளுதல் நீர்மட்டத்துக்கு மேலே இரண்டு மீட்டர் உயரத்தில் விழுகிறது, எதிர்த்துப் பிடிக்கும் பலகை நீருக்குள் இருக்கிறது. நடுவில் இருப்பது நெம்புகோல். எதிர்ப்பக்க விளிம்பில் பாதத்தை வார்ப்பட்டைக்குள் மாட்டி, உடம்பை வெளியே தொங்கவிட்டு அமர்ந்திருக்கும் 75 கிலோ மனிதர் 20 கிலோமீட்டர் காற்றைச் சிரித்துக்கொண்டே சமாளிப்பார். 60 கிலோமீட்டர் காற்றை எந்த மனிதரும் தொங்கிச் சமாளிக்க முடியாது.

அப்போது நடப்பதை நொடி நொடியாகப் பார்க்கலாம். முதல் நொடியில் பாயின் சுருக்கங்கள் மறைந்து துணி விறைக்கும், படகு சாயும். இரண்டாவது நொடியில் சாய்ந்த படகு தானாகவே காற்றின் பக்கம் மூக்கைத் திருப்பப் பார்க்கும். சுக்கான் பாதி நீருக்கு வெளியே வந்துவிட்டதால் பிடியை எவ்வளவு இழுத்தாலும் கேட்காது. ஓட்டுபவரின் இன்னொரு கையில் பாயின் பின்முனையை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிறு இருக்கிறது. அதை விட்டுவிட்டால் பாய் கொடியாகப் படபடக்கும், காற்று வழிந்து போய்விடும், படகு நிமிரும். ஆனால் வெகுநேரம் பிடித்துக் கை வலித்ததால் அதைப் பல் வைத்த கவ்வியில் மாட்டியிருக்கிறார். கவ்வியிலிருந்து விடுவிக்கக் கயிற்றை முதலில் மேல்நோக்கிச் சுண்ட வேண்டும். அத்தனை காற்றை இழுத்துப் பிடித்திருக்கும் கயிறு சுண்டினால் வராது. மூன்றாவது நொடியில் பாயின் கீழ்முனை நீரைத் தொடும். நான்காவது நொடியில் அவர் நீரில் இருப்பார். கயிறு கையில்தான் இருந்தது, அவிழ்த்தும் விட்டார், ஆனால் அதன் மிச்சம் காலடியில் சுருண்டு கிடந்து கணுக்காலில் சிக்கிக்கொண்டது என்றாலும் முடிவு இதேதான். பயிற்சி தருபவர்கள் கயிற்றைச் சிக்கில்லாமல் போட்டு வைக்கச் சொல்லித் தொல்லை கொடுப்பதற்குக் காரணம் ஒழுங்கு பற்றிய பித்து அல்ல.

கவிழாமல் நிற்கும் வலிமையைப் படகு இரண்டு வழியில் சம்பாதிக்கலாம். அகலமாக இருக்கலாம், அல்லது அடியில் கனம் வைத்துக்கொள்ளலாம். அகலமான படகு முதல் சாய்வை வலுவாக எதிர்க்கும், ஒரு எல்லை தாண்டியதும் எதிர்ப்பே இல்லாமல் புரண்டுவிடும். அடியில் ஈயமோ இரும்போ தொங்கும் படகு எளிதில் சாயும், சாயச் சாயத்தான் அதன் பிடிவாதம் கூடும். 2011 ஜூலையில் மிச்சிகன் ஏரியில் சிகாகோவிலிருந்து மேக்கினாக் தீவுக்கு நடந்த பந்தயத்தில் விங்நட்ஸ் என்ற 35 அடிப் படகு நள்ளிரவு இடிமழையில் கவிழ்ந்து இருவர் இறந்தார்கள். அதன் இரு பக்கமும் இறக்கை மாதிரி அகன்றிருந்தது. ஆட்கள் அந்த இறக்கையில் உட்கார்ந்தால் பாயை எதிர்க்கும் நெம்புகோல் நீளும், வேகம் கிடைக்கும். தலைகீழானதும் அதே அகலம் படகை நிமிரவிடாமல் தலைகீழாகவே நிலைநிறுத்திவிட்டது. அப்படகு திறந்த ஏரியில் அவ்வளவு தூரப் பந்தயத்துக்கு ஏற்றதல்ல என்று விசாரித்தவர்கள் எழுதினார்கள்.

இதே நெம்புகோலைப் பாக் நீரிணைக் கரையில் வேறு விதமாகக் கையாண்டார்கள். சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920இல் இந்தியப் படகு வடிவங்கள் பற்றி வெளியிட்ட ஆய்வில் இக்கரையின் சமநிலைப் பலகைப் படகுகளை விவரித்திருக்கிறார். அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, கோடியக்கரைப் பக்கத்து வத்தைகள் மூன்று பாய்மரம் கொண்டவை. படகின் குறுக்கே ஒரு நீண்ட பலகை இரு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். காற்று ஏற ஏற ஆட்கள் காற்று வரும் பக்கத்துப் பலகை முனைக்கு நகர்வார்கள், காற்று தணியத் தணிய உள்ளே வருவார்கள். விங்நட்ஸின் இறக்கைக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. இது வெறும் பலகை. படகு கவிழ்ந்தால் தண்ணீரில் பரந்து கிடந்து அதைத் தலைகீழாகப் பிடித்து வைக்கும் உடல் இதற்கு இல்லை. கட்டுமரத்துக்கோ இந்தத் தொல்லையே குறைவு. அது மரத்தைக் கட்டிச் செய்தது, தண்ணீர் நிரம்புவதற்கு அதில் குழியே கிடையாது.

தண்ணீர் நிரம்பும் குழி இருக்கும் படகில் கவிழ்வதும் மூழ்குவதும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே வரும். ஆங்கிலக் கவிஞர் ஷெல்லி 1822 ஜூலை 8 அன்று இத்தாலியின் லிவோர்னோவிலிருந்து லெரிசிக்குப் புறப்பட்ட 24 அடிப் படகு மேல்தளம் இல்லாத திறந்த படகு. அதற்குச் சில வாரங்கள் முன்புதான் கூடுதல் பாய்கள் கட்டி அதை வேகமாக்கியிருந்தார்கள். பிற்பகலில் இடிமழை இறங்கியது. ஷெல்லி, அவரது நண்பர் வில்லியம்ஸ், உதவிக்கு இருந்த இளைஞன் மூவருமே கரை திரும்பவில்லை. ஷெல்லிக்கு நீச்சல் தெரியாது.

பெரிய கப்பல்களின் கதை சிறு படகுக்காரருக்கு எதற்கு என்று தோன்றலாம். அவற்றுக்கு முழு விசாரணை நடக்கும், எண்கள் வெளியே வரும், அதுதான் பயன். 2010 பிப்ரவரி 17 அன்று பிரேசிலுக்கு அப்பால், ரியோ டி ஜெனீரோவிலிருந்து ஏறத்தாழ 550 கிலோமீட்டர் தொலைவில், கான்கார்டியா என்ற மூன்று பாய்மரக் கப்பல் பக்கவாட்டில் படுத்து மூழ்கியது. அது ஒரு மிதக்கும் பள்ளிக்கூடம். மாணவர்களும் பணியாளர்களுமாக 64 பேரும் மிதவைகளில் ஏறி, சுமார் 40 மணி நேரம் அலைந்து, இரண்டு வணிகக் கப்பல்களால் மீட்கப்பட்டார்கள். யாரும் இறக்கவில்லை. மைக்ரோபர்ஸ்ட் அடித்துவிட்டது என்பதே கேப்டன் முதலில் சொன்ன விளக்கம். செய்திகளும் அதையே எழுதின.

கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அடுத்த ஆண்டு வெளியிட்ட அறிக்கை அதை ஏற்கவில்லை. மைக்ரோபர்ஸ்ட் இருந்ததற்குச் சான்று இல்லை. வந்தது அந்தக் கடலில் எதிர்பார்க்கக்கூடிய சாதாரணச் சூறை. காற்று மணிக்கு 25 முதல் 50 கடல் மைலுக்குள்தான், அதாவது 46 முதல் 93 கிலோமீட்டருக்குள்தான் இருந்திருக்க வேண்டும் என்றது. சூறை நெருங்குவது தெரிந்தும் பாய் குறைக்கப்படவில்லை, காற்று போகும் பக்கத்தில் கதவுகள் திறந்திருந்தன. கப்பலின் ஆவணங்களில் இன்னொன்றும் இருந்தது. சூறை வளைகோடு என்ற வரைபடம். இப்போது கப்பல் இத்தனை பாகை சாய்ந்திருக்கிறது, இதே பாயோடு போனால் எத்தனை வேகச் சூறையில் தண்ணீர் திறப்புகள் வழியாக ஏறும் என்பதை விரல் வைத்துப் பார்த்துவிடலாம். 1984இல் பெர்முடா அருகே மார்க்கஸ் என்ற பாய்க்கப்பல் சூறையில் கவிழ்ந்து 28 பேரில் 19 பேர் இறந்த பிறகு, பிரிட்டனில் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் உல்ஃப்ஸன் பிரிவு உழைத்து உருவாக்கிய வரைபடம் அது. கான்கார்டியாவில் பணியில் இருந்தவர் அதைப் பயன்படுத்தவில்லை. அதைப் படிக்கப் பயிற்சி தரவேண்டும் என்ற விதியும் அப்போது இல்லை.

விபத்துக்குப் பிறகு காற்றின் வேகத்தைக் கூட்டிச் சொல்வது மனித இயல்பு. பெரிய காற்று என்றால் பெரிய சாக்கு.

ஆனால் இதை ஒரே தராசில் எல்லோர் மேலும் வைக்கக்கூடாது. 2024 ஆகஸ்ட் 19 அதிகாலை சிசிலியின் போர்டிசெல்லோ அருகே நங்கூரமிட்டிருந்த பேயிசியன் என்ற 56 மீட்டர் சொகுசுப் பாய்க்கப்பல் இடிமழையில் சில நொடிகளில் சாய்ந்தது. 22 பேரில் ஏழு பேர் இறந்தார்கள். பாய் எதுவும் விரிக்கப்படவில்லை. 72 மீட்டர் உயர வெறும் பாய்மரத்திலேயே காற்று பிடித்துக்கொண்டது. மணிக்கு 63 கடல் மைலுக்கு மேல், அதாவது சுமார் 117 கிலோமீட்டருக்கு மேல், பக்கவாட்டில் காற்று அடித்தால் அந்த நிலையில் கப்பல் கவிழும் என்று பிரிட்டனின் கடல் விபத்து விசாரணைப் பிரிவு தன் இடைக்கால அறிக்கையில் கணக்கிட்டது. அந்த ஆபத்து கப்பலில் இருந்த நிலைத்தன்மைக் கையேட்டில் எழுதப்படவேயில்லை. ஒரு கப்பலில் வரைபடம் இருந்தது, பார்க்கவில்லை. இன்னொன்றில் பார்க்க வரைபடமே இல்லை. சிறு படகுகளில் அநேகமாக எவற்றிலும் இல்லை. எவ்வளவு காற்றில் தன் படகு எவ்வளவு சாயும் என்பதை அமைதியான நாட்களில் ஓட்டி ஓட்டித்தான் ஒருவர் மனத்தில் எழுதிக்கொள்ள முடியும்.

வானத்தைப் படிப்பது அதைவிட எளிது, பார்க்க வானம் இருந்தால். 1878 மார்ச் 24 பிற்பகல் பிரிட்டிஷ் கடற்படைப் பயிற்சிக் கப்பல் யூரிடிஸ் பெர்முடாவிலிருந்து திரும்பி, வீட்டை நெருங்கிய நிலையில், வைட் தீவின் தென்கரையை ஒட்டிப் பாய் விரித்து வந்துகொண்டிருந்தது. நல்ல காற்று, பீரங்கிச் சாளரங்கள் காற்றோட்டத்துக்காகத் திறந்திருந்தன. வடமேற்கே பனிச்சூறை ஒன்று கிளம்பி வந்ததைத் தீவின் உயர்ந்த செங்குத்துப் பாறைகள் மறைத்துவிட்டன. பாறையின் மறைவைத் தாண்டியதும் அடித்தது. முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பிழைத்தவர்கள் இரண்டே பேர். கரையில் வென்ட்னர் ஊரில் அந்தக் கப்பல் போனதைப் பார்த்தவர்களில் மூன்று வயதுச் சிறுவன் வின்ஸ்டன் சர்ச்சிலும் ஒருவன். மலையோ காடோ அடுக்குமாடிகளோ கரையை மறைக்கும் ஏரிகளிலும் கழிமுகங்களிலும் இன்றும் இதே ஆபத்துதான். மறைவிலிருந்து வெளியே வரும் இடத்தில் பாயைக் குறைத்துக்கொண்டு வருவது அதற்கான பழைய வழி.

திறந்த வானத்தில் அடையாளங்கள் பல. காலிஃபிளவர் மாதிரி வீங்கி எழும் மேகத்தின் தலை தட்டையாகப் பரவத் தொடங்கினால் அது இடிமேகமாகிவிட்டது. அதன் முன்னால் அலமாரித் தட்டு போல ஒரு நீண்ட தாழ்ந்த மேகம் வந்தால் குளிர்காற்றின் விளிம்பு அதற்குக் கீழேதான். மின்னலுக்கும் இடிக்கும் இடையில் மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். இடைவெளி குறைந்துகொண்டே வந்தால் மேகம் நெருங்குகிறது. கடைசி அடையாளம் தோலில் தெரியும். வீசிக்கொண்டிருந்த காற்று திடுமென நின்றுவிடும், பிறகு எதிர்த்திசையிலிருந்து குளிர்ந்து ஒரு வீச்சு வரும், அதில் மழை வாசனை இருக்கும். அதை உணர்ந்த பிறகு பாயைக் குறைக்க நினைப்பவர் நேரத்தை இழந்துவிட்டவர்.

சிங்கப்பூரில் பாய்ப்படகு பழகுகிறவர்கள் இதைக் காலண்டர் வைத்தே கணிக்கலாம். சுமாத்திராத் தீவிலோ மலாக்கா நீரிணையிலோ இரவில் உருவாகும் இடிமழைக் கோடு கிழக்கே நகர்ந்து விடியலுக்கு முன்னும் காலையிலும் சிங்கப்பூரைக் கடக்கும். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை இதற்குப் பருவம். பெயரே சுமாத்திராச் சூறை. காற்று வழக்கமாக மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர். 2024 செப்டம்பர் 17 அன்று தெங்காவில் அது 83 கிலோமீட்டரைத் தொட்டு, தீவெங்கும் 300க்கும் மேற்பட்ட மரங்களைச் சாய்த்தது. இரவில் மேற்கே மின்னியது தெரிந்தால் காலைப் பயிற்சியைத் தள்ளிவைப்பதில் அவமானம் எதுவும் இல்லை.

சரி, ஐந்து நிமிடம் இருக்கிறது. முதல் வேலை உயிர்காப்பு அங்கி. அடித்த பிறகு அதை மாட்ட முடியாது, இரண்டு கையும் வேறு வேலையில் இருக்கும். அடுத்து, தாமானைக் கவ்வியிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு படகின் மூக்கைக் காற்றுக்கு நேராகத் திருப்ப வேண்டும். பாய் படபடக்கும்போது, அதை ஏற்றிப் பிடித்திருக்கும் ஆஞ்சான் கயிற்றை இளக்கிப் பாயை முழுவதும் இறக்கிக் கட்டிவிடலாம். இறக்கிவிட்டுக் கட்டாமல் விட்ட பாய் பத்து விநாடியில் தானே ஏறிக்கொள்ளும், அது வேறு வகை ஆபத்து. காற்று பின்னாலிருந்து வரும்படி ஓடிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: தாமானை எவ்வளவு விட்டாலும் பாய் பக்கக் கயிறுகளில் போய்ச் சாய்ந்து நின்றுவிடும், காற்று வழியாது. அவர்கள் அடி விழுமுன்னே பாயை இறக்கிவிட வேண்டும். ஆழம் குறைந்த இடமென்றால் முன்பக்கத்திலிருந்து நங்கூரம் போடலாம். கரை காற்று போகும் பக்கத்தில் அருகிலேயே இருந்தால் நங்கூரம் அவசியம், கரையில் மோதுவதே அங்கே பெரிய பயம். கதவு, ஜன்னல், மூடி எதுவானாலும் அடைத்துவிட வேண்டும். யூரிடிஸையும் கான்கார்டியாவையும் காற்று சாய்த்தது, மூழ்கடித்தது திறந்திருந்த துவாரங்கள் வழியே ஏறிய தண்ணீர். மின்னல் நெருங்கினால் பாய்மரத்தையும் உலோகக் கயிறுகளையும் தொடாமல் தாழ்ந்து உட்கார வேண்டும்.

இத்தனை செய்தும் கவிழலாம். அப்போது கரை எவ்வளவு கிட்டத்தில் தெரிந்தாலும் படகைவிட்டு நீந்தக் கூடாது. நீரில் இருக்கும் மனிதத் தலையை மீட்புப் படகிலிருந்து பார்ப்பது கடினம், கவிழ்ந்த படகின் வயிறு தூரத்திலிருந்தே தெரியும். உதவி கேட்கும் வழியும் கைவசம் வேண்டும். 1986 மே 14 அன்று புவேர்ட்டோ ரிக்கோவுக்கு வடக்கே வெண்சூறையில் மூழ்கிய பிரைட் ஆஃப் பால்டிமோர் கப்பலிலிருந்து உதவி கேட்டு ஒரு சொல்கூட அனுப்ப முடியவில்லை. பன்னிரண்டு பேரில் கேப்டன் உட்பட நால்வர் இறந்தார்கள். மற்ற எட்டுப் பேர் ஆறு பேருக்கான ஒரே மிதவையில் நான்கு நாட்களுக்கு மேல் ஒட்டிக்கொண்டிருந்தபோது டோரோ என்ற நார்வே எண்ணெய்க் கப்பல் தற்செயலாகக் கண்டெடுத்தது. கான்கார்டியாவில் மீட்பு வந்ததற்குத் தானாகவே செயற்கைக்கோளுக்குக் குறி அனுப்பும் சிறு கருவி காரணம். இப்போது உள்ளங்கையில் அடங்கும் அளவில் கிடைக்கிறது. ஒருவர் அங்கியில் குத்திக்கொள்ளலாம்.

சிறு படகை நிமிர்த்துவது கற்றுக்கொள்ளக்கூடிய கைவேலை. பாய்மர உச்சியில் ஒரு மிதவையைக் கட்டி வைத்திருந்தால் படகு பக்கவாட்டில் படுத்ததோடு நிற்கும், தலைகீழாகாது. ஒருவர் சுற்றி நீந்திப்போய் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பலகையில் ஏறி நின்று, விளிம்பைப் பிடித்துப் பின்னால் சாய்வார். உடல் எடையில் பாய் மெதுவாகத் தண்ணீரிலிருந்து பிய்ந்து எழும். தாமான் அதற்குமுன் முழுவதும் இளக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் நிமிர்ந்த மறுகணமே பாய் காற்றைப் பிடித்து மறுபக்கம் கவிழும்.

சிறுவர்களுக்கான ஆப்டிமிஸ்ட் படகு 1947இல் ஃப்ளோரிடாவில் கிளார்க் மில்ஸ் வடிவமைத்தது. 2.3 மீட்டர் நீளம், முன்னே தட்டையான ஒரு பெட்டி. அதில் பாய் பிடிக்கக் கற்பிக்கும் பள்ளிகள் ஆரம்ப வகுப்புகளிலேயே வேண்டுமென்றே கவிழ்க்கச் சொல்கின்றன. பத்து வயதுப் பிள்ளை நீரில் விழுந்து, மூச்சு வாங்கி, பலகையில் ஏறி, நிமிர்த்தி, உள்ளே உருண்டு விழுவதற்குள் படகு தண்ணீரால் நிரம்பியிருக்கும். பக்கங்களில் கட்டிய காற்றுப் பைகளால் மூழ்காது. பிறகு வாளியால் இறைக்க வேண்டும், நூறு வாளிக்குக் குறையாது. கயிறு கொண்டு வாளி படகோடு கட்டப்பட்டிருக்கிறதா என்பதைப் பயிற்சியாளர் கரையிலேயே இழுத்துப் பார்த்துவிடுவார். கவிழ்ந்ததும் முதலில் மிதந்து போய்விடுவது அதுதான்.